வீதிக்கே வரும் ஆபரேஷன் தியேட்டர்! தெரியுமா உங்களுக்கு?

நாய் வண்டி என்றதும் என்ன ஞாபகம் வரும்? சுருக்குக் கயிறு, கம்பிக் கூண்டு, தெருவே சேர்ந்து போடும் கூச்சல்! ஆனால் உலகத்தின் பல நகரங்களில் வேறு ஒரு வண்டி ஓடுகிறது. அது வந்து நின்றால் ஜனங்கள் தங்கள் நாயையும் பூனையையும் தாங்களே தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள்! காலையில் ஒப்படைத்தால் சாயங்காலம் கருத்தடை ஆபரேஷன் முடிந்து கைக்கு வந்துவிடும். செலவு? சில ஊர்களில் கொஞ்சம், சில ஊர்களில் காலணாகூடக் கிடையாது! மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்களும் கைகோத்து ஓட்டும் அந்த வண்டிகளுக்குள் எட்டிப் பார்ப்போமா?

வண்டிக்குள்ளே ஆஸ்பத்திரி!

வெளியே பார்த்தால் சாதாரண பஸ், இல்லாவிட்டால் லாரி. உள்ளே? ஆபரேஷன் மேஜை, மேலே பெரிய விளக்கு, மயக்க மருந்து இயந்திரம், ஆக்சிஜன் சிலிண்டர், கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் பாத்திரம், சுவரோரம் வரிசை வரிசையாகக் கூண்டுகள்! கரண்டுக்குச் சொந்த ஜெனரேட்டர், தண்ணீருக்குச் சொந்தத் தொட்டி! நூலக வாசல், பூங்கா ஓரம், சர்ச் மைதானம் என்று எங்கே இடம் கிடைத்தாலும் அங்கே ஓர் ஆஸ்பத்திரி முளைத்துவிடும். கைதேர்ந்த டாக்டர் ஒருவர் ஒரே நாளில் 25, 30 ஆபரேஷன்களை முடித்துவிடுவார் என்றால் நம்ப முடிகிறதா?

ஏன் வண்டியே வர வேண்டும்?

அமெரிக்காவில் தனியார் மருத்துவமனையில் ஒரு பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்யப் பல நூறு டாலர் ஆகும். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். கார் இல்லாதவர் 25 கிலோ நாயை எந்தப் பஸ்ஸில் ஏற்றுவார்? அவர் நாயைக் கூட்டிப் போக முடியாவிட்டால் என்ன, டாக்டரைக் கூட்டி வந்துவிடலாமே! இந்த ஒரே யோசனைதான் இத்தனை வண்டிகளையும் ஓட வைக்கிறது!

தையலே இல்லாத ஆபரேஷன்!

கடுவன் பூனைக்குக் கருத்தடை செய்ய எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? பழகிய கைக்கு இரண்டு மூன்று நிமிஷம்! தையல் எத்தனை? ஒன்றுகூட இல்லை! உள்ளே இருக்கும் விந்துக் குழாயையும் ரத்த நாளத்தையும் சேர்த்து, அதிலேயே ஒரு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். வெளியே நூல் கிடையாது, பிரிக்க வேண்டிய வேலையும் கிடையாது. சின்னக் கீறல் தானாகவே மூடிக்கொள்ளும்!

கண் திறந்தபடியே தூக்கம்!

மயக்கத்தில் இருக்கும் பூனையைப் பார்த்தால் திடுக்கிட்டுப் போவீர்கள்! கண் இரண்டும் அகலத் திறந்திருக்கும்! அது இமைக்காது என்பதால் கண் வறண்டுபோகாமலிருக்கக் களிம்பு தடவிவிடுகிறார்கள். சின்னக் குட்டிகளின் உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும் அல்லவா? அதற்காகச் சூடான மெத்தை, சுற்றிப் போர்த்தத் துணி, சில இடங்களில் காலுக்குக் குட்டிக் குட்டிக் காலுறைகூட உண்டு! கண் விழிக்கும்போது ஈறில் கொஞ்சம் சர்க்கரைப் பாகு தடவுவார்கள். குட்டியின் ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடக் கூடாதே!

பூனைக்குப் பச்சை குத்துவார்களா?

ஆமாம், குத்துகிறார்கள்! ஆபரேஷன் செய்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சைக் கோடு. எதற்காக? காயம் ஆறி மயிர் வளர்ந்துவிட்டால் ஆபரேஷன் ஆனதா ஆகவில்லையா என்று யாருக்கும் தெரியாது. பிறகு வரும் டாக்டர் மறுபடியும் வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்தக் கோடு! தெருப்பூனைக்கு இன்னும் எளிய அடையாளம் உண்டு. மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சீராக வெட்டிவிடுவார்கள். நம் ஊரில் தெருநாய்களின் காதில் சின்னதாக ஒரு வெட்டு பார்த்திருக்கிறீர்களா? சண்டையில் கிழிந்தது என்று நினைத்தீர்களா? பெரும்பாலும் இல்லை! 'எனக்கு ஆயிற்று, என்னை விட்டுவிடுங்கள்' என்று அது காட்டும் சான்றிதழ் அது!

ஒரே பூனைக்கு 420 குட்டி!

கருத்தடைக்கு இத்தனை பாடு எதற்கு என்கிறீர்களா? அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பான்ஹாம் என்ற ஊரில் டஸ்டி என்று ஒரு பூனை இருந்தது. வாழ்நாளில் அது போட்ட குட்டிகள் எத்தனை தெரியுமா? 420! கடைசி ஈற்று 1952 ஜூனில்! கின்னஸ் புத்தகத்தில் ஏறிய சாதனை இது.

நாய் மட்டும் சளைத்ததா? 2004 நவம்பரில் இங்கிலாந்தில் டியா என்ற நியோபாலிட்டன் மாஸ்டிஃப் நாய் ஒரே ஈற்றில் 24 குட்டி போட்டது! 1970-ல் அதே இங்கிலாந்தில் ஒரு பூனை ஒரே ஈற்றில் 19 குட்டி போட்டது! எந்தத் தாய்க்குத்தான் தாங்கும்?

ஒரே ஈற்று, பல அப்பாக்கள்!

இது தெரியுமா? பூனையின் கருமுட்டை தானாக வெளிவருவதில்லை. இணை சேர்ந்த பிறகுதான் வரும்! அந்த நாட்களில் இரண்டு மூன்று கடுவன்களோடு சேர்ந்துவிட்டால் ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு வெவ்வேறு அப்பாக்கள் இருக்கலாம்! ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல், ஒன்று செவலை என்று பிறந்தால் ஆச்சரியப்படாதீர்கள்!

இன்னொன்று! நான்கு ஐந்து மாதக் குட்டியே சினைப்படக் கூடும். சினைக்காலம் ஏறக்குறைய 65 நாள்தான். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தாய்ப்பூனை அடுத்த சினைக்குத் தயாராகிவிடும்!

ஆபரேஷன் ஆன ஆணும் அப்பாவாகலாம்!

நம்ப முடியவில்லையா? கருத்தடை செய்த உடனே ஆண் நாயும் ஆண் பூனையும் மலடாகிவிடுவதில்லை! குழாயில் ஏற்கெனவே தங்கிவிட்ட உயிரணுக்கள் சில வாரங்கள் உயிரோடு இருக்கும். அதனால்தான் ஏறக்குறைய ஒரு மாதம் பெட்டையிடமிருந்து பிரித்து வையுங்கள் என்கிறார்கள் டாக்டர்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே அவிழ்த்துவிட்டால் போச்சு!

கணக்கில் ஒரு பூதம்!

'ஒரு ஜோடிப் பூனை ஏழு வருஷத்தில் 4,20,000 பூனையாகிவிடும்!' என்று துண்டுப் பிரசுரங்களில் படித்திருப்பீர்கள். உண்மை என்ன தெரியுமா? அது வெறும் பெருக்கல் கணக்கு! பிறந்த குட்டி ஒன்றுகூடச் சாகாது, எல்லாம் தவறாமல் குட்டி போடும் என்று வைத்துக்கொண்டால்தான் அந்த எண் வரும். தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை வளர்ந்து ஆளாவதே இல்லை. இறப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் லட்சங்கள் போய்ச் சில நூறுகளில் வந்து நிற்கிறது! சில நூறு மட்டும் என்ன, குறைவா?

முதலில் தொடங்கிய நகரம் எது?

சினிமா நகரம்தான்! அமெரிக்காவிலேயே ஒரு மாநகராட்சி நடத்திய முதல் குறைந்த கட்டணக் கருத்தடை மருத்துவமனை 1971-ல் லாஸ் ஏஞ்சலஸில் திறந்தது! அதே நகரத்தில் அமாண்டா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, மாநகராட்சியோடு சேர்ந்து 'ஸ்பேமொபைல்' என்ற வண்டியை ஏழைப் பேட்டைகளுக்கு ஓட்டியது. வருமானம் குறைந்த குடும்பமா? ஆபரேஷன் இலவசம்! 2008-ல் இன்னும் ஒரு படி மேலே போய், நாலு மாதம் தாண்டிய நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை கட்டாயம் என்று சட்டமே போட்டுவிட்டார்கள்! சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு.

நியூயார்க்கில் லைசென்ஸ் வித்தை!

1866-ல் தொடங்கிய ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற பிராணிவதைத் தடுப்புச் சங்கம் 1990-களிலேயே நியூயார்க் வீதிகளில் கருத்தடை வண்டிகளை ஓட்டத் தொடங்கிவிட்டது. நகர நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? லைசென்ஸில் ஒரு தூண்டில் போட்டது! கருத்தடை ஆன நாய்க்கு ஆண்டுக் கட்டணம் 8.50 டாலர். ஆகாத நாய்க்கு? 34 டாலர்! சரியாக நாலு மடங்கு!

இரண்டே டாலரில் ஒரு புரட்சி!

நியூ ஹாம்ப்ஷயர் என்ற குட்டி மாநிலம் 1994-ல் ஒரு காரியம் செய்தது. ஒவ்வொரு நாய் லைசென்ஸோடும் கூடுதலாக 2 டாலர் வாங்கி, அந்தப் பணத்தில் ஏழைகளின் பிராணிகளுக்குக் கருத்தடை செய்தது. ஆறே ஆண்டில் காப்பகங்களில் கொல்லப்படும் நாய், பூனைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்துவிட்டது! இரண்டு டாலருக்கு இவ்வளவா!

நாய்க்காகப் படம் வரைந்த ஜேம்ஸ் பாண்ட்!

கலிஃபோர்னியாவில் சில கார்களின் நம்பர் பிளேட்டில் ஒரு நாயும் பூனையும் இருக்கும். வரைந்தவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் பாண்டாக நடித்த பியர்ஸ் பிராஸ்னன்! அந்த பிளேட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் எங்கே போகிறது? குறைந்த கட்டணக் கருத்தடைக்குத்தான்! துப்பாக்கி பிடித்த கை தூரிகையும் பிடித்தது!

25 வருஷம் ஒரே வேண்டுகோள்!

'தி பிரைஸ் இஸ் ரைட்' என்ற அமெரிக்க டிவி போட்டியை 35 வருஷம் நடத்தியவர் பாப் பார்க்கர். 1982-லிருந்து ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் என்ன சொல்லி விடைபெற்றார் தெரியுமா? 'உங்கள் பிராணிக்குக் கருத்தடை செய்துவிடுங்கள்' என்று! 2007-ல் ஓய்வு பெறும் வரை விடவே இல்லை. சொன்னதோடு நிற்காமல் குறைந்த கட்டணக் கருத்தடை மையங்களுக்குப் பணம் கொடுக்க ஓர் அறக்கட்டளையும் வைத்தார். 2023-ல் இறந்தபோது அவருக்கு வயது 99!

டோரிஸ் டேயும் 'ஆரவல்லி'யும்!

பிப்ரவரி மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை என்ன நாள் தெரியுமா? உலகக் கருத்தடை நாள், அதுவும் நாய் பூனைகளுக்கு! 1995-ல் இதைத் தொடங்கியது ஹாலிவுட் நடிகை டோரிஸ் டேயின் பெயரில் இருந்த அமைப்பு. யார் இந்த டோரிஸ் டே என்கிறீர்களா? 1956-ல் இவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டின் மெட்டைத்தான் மறுவருஷமே 'ஆரவல்லி' படத்தில் ஜிக்கியும் ஏ.எம்.ராஜாவும் தமிழில் பாடினார்கள்! இப்போது மெட்டு ஞாபகம் வந்துவிட்டதா?

கோடியிலிருந்து லட்சத்துக்கு!

இதற்கெல்லாம் பலன் இருந்ததா? எண்களைப் பாருங்கள்! 1970-களில் அமெரிக்கக் காப்பகங்களில் ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் முதல் 2 கோடி வரை நாய், பூனைகள் கொல்லப்பட்டன என்பது மதிப்பீடு. 2019-ல்? ஏறக்குறைய 9 லட்சத்து 20 ஆயிரம்! தத்தெடுப்பும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் பிறக்காத குட்டியைக் கொல்ல வேண்டியதே இல்லையே!

செயற்கை விதை! அதற்கும் ஒரு பரிசு!

'ஐயோ, என் நாயின் ஆண்மை போய்விடுமே' என்று கவலைப்படும் எஜமானர்களுக்காக ஒருவர் என்ன கண்டுபிடித்தார் தெரியுமா? ஆபரேஷன் ஆன பிறகு உள்ளே வைத்துத் தைக்கும் செயற்கை விதை! மிசௌரியைச் சேர்ந்த கிரெக் மில்லர் கண்டுபிடித்த இதன் பெயர் 'நியூட்டிக்கிள்ஸ்'. மூன்று சைஸ், மூன்று விதமான கெட்டித்தன்மை! 2005-ல் இதற்கு மருத்துவத்துக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் கண்டுபிடிப்புகளுக்குத் தரும் பரிசு அது! நாய்க்கு வித்தியாசம் தெரியுமா? அதை எஜமானரிடம்தான் கேட்க வேண்டும்!

சென்னைக்கு இதில் பெரிய இடம் உண்டு!

அமெரிக்கா, அமெரிக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? லாஸ் ஏஞ்சலஸில் மருத்துவமனை திறப்பதற்கு ஏழு வருஷம் முன்பே, 1964-ல், சென்னை புளூ கிராஸ் என்ற பிராணி நல அமைப்பு தெருநாய்க் கருத்தடைத் திட்டத்தைக் கையில் எடுத்துவிட்டது! புளூ கிராஸைத் தொடங்கியவர்கள் கேப்டன் வி.சுந்தரமும் மனைவி உஷா சுந்தரமும். இருவருமே விமானிகள்! லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் சின்ன விமானத்தை ஓட்டிவந்து சாதனை படைத்த ஜோடி!

மாநகராட்சி சம்மதிக்க எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? 32! அதுவரை நாய் பிடித்துக் கொல்வதுதான் வழக்கம். 1996 வாக்கில் நாளொன்றுக்கு 135 நாய் வரை கொன்றார்கள்! 1970-களில் நாய்த் தோல் அவ்வளவு கிடைத்ததால் அதில் கழுத்து டையும் பர்ஸும்கூடச் செய்து பார்த்தார்கள் என்றால் மலைப்பாக இல்லையா? அத்தனை கொன்றும் நாய் குறையவில்லை! 1996-ல் மாநகராட்சியும் தொண்டு அமைப்புகளும் கைகோத்தன. நாய்கள் ஆபரேஷனும் தடுப்பூசியும் ஆகி அதே தெருவுக்குத் திரும்பின. அந்த ஆண்டு நகரத்தில் வெறிநாய்க்கடியால் இறந்தவர்கள் 120 பேர். 2007-ல்? 5 பேர்!

லாரியில் பாடம், கோவாவில் பலன்!

டாக்டர்களுக்கு வேகமாகவும் பத்திரமாகவும் ஆபரேஷன் செய்யச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி மையம் ஒன்று நம் நீலகிரியிலேயே இருக்கிறது, தெரியுமா? நடத்துவது வேர்ல்டுவைட் வெட்டினரி சர்வீஸ் என்ற அமைப்பு. அதன் சகோதரத் திட்டமான 'மிஷன் ரேபிஸ்' 2013-ல் தொடங்கியது. லாரிக்குள்ளேயே ஆபரேஷன் தியேட்டர் வைத்து ஊர் ஊராகப் போனார்கள். கோவா அரசும் சேர்ந்துகொண்டது. வலையும் ஊசியுமாகத் தெருத் தெருவாக இறங்கினார்கள். விளைவு? மாதாமாதம் நாய்களிடம் தென்பட்ட வெறிநோய் 92 சதவீதம் குறைந்தது! 2021-ல் வெறிநோய் கட்டுப்பாட்டுக்குள் வந்த மாநிலம் என்று கோவா அறிவிக்கப்பட்டது!

ஒரு நாடே முடித்துக் காட்டியது!

இமயமலையின் மடியில் இருக்கும் பூட்டான், தெருநாய் அத்தனைக்கும் கருத்தடை செய்து முடித்துவிட்டதாக 2023 அக்டோபரில் அறிவித்தது. உலகிலேயே முதல் நாடு! 2009-ல் தொடங்கி 14 வருஷம், 1,50,000-க்கும் மேற்பட்ட நாய்கள்! பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் குழுக்கள் நகர்ந்தன. கடைசிச் சுற்றில் ஆரஞ்சுச் சீருடை போட்ட 'தேசூப்' தொண்டர்களும் நாய் பிடிக்க இறங்கிவிட்டார்கள்!

அணு உலை நாய்களுக்கும் ஆபரேஷன்!

1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது ஜனங்கள் வளர்ப்பு நாய்களை விட்டுவிட்டு ஓடினார்கள். அவற்றின் வாரிசுகள் இன்றும் அங்கே திரிகின்றன. 2017-ல் கிளீன் ஃபியூச்சர்ஸ் ஃபண்ட் என்ற அமைப்பு அங்கேயே தற்காலிக மருத்துவமனை போட்டது. ஆபரேஷனுக்கு முன் முதல் வேலை என்ன தெரியுமா? நாயின் மேல் கதிர்வீச்சு இருக்கிறதா என்று கருவியால் சோதிப்பது! இருந்தால் முதலில் குளிப்பாட்டல், பிறகுதான் மயக்க ஊசி! சில நாய்களுக்குக் கதிர்வீச்சை அளக்கும் கழுத்துப் பட்டைகூடக் கட்டிவிட்டார்கள்!

ஆயுசும் கூடுமா?

2013-ல் அமெரிக்காவின் பான்ஃபீல்ட் மருத்துவமனைகள் லட்சக்கணக்கான பிராணிகளின் பதிவேடுகளைப் புரட்டின. கருத்தடை ஆன பெட்டை நாய் 23 சதவீதமும், ஆண் பூனை 62 சதவீதமும் அதிக நாள் வாழ்ந்திருந்தன! கவனமாக வளர்ப்பவர்கள்தான் ஆபரேஷனும் செய்வார்கள் என்பதால் முழுப் பெருமையும் கத்திக்குப் போகாது. ஆனால் கடுவன் பூனை ராத்திரி சுவரேறிக் குதித்துச் சண்டை போடுவது குறைந்தாலே பாதி ஆபத்து போயிற்றே!

பெட்டை நாயின் மடியில் வரும் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் ஆகாத நாய்க்கு உள்ள ஆபத்தை 100 என்று வைத்தால், முதல் பருவத்துக்கு முன்பே ஆபரேஷன் ஆன நாய்க்கு அது அரைதான் என்றது 1969-ல் வந்த ஓர் ஆய்வு. முதல் பருவம் தாண்டினால் 8, இரண்டாவது தாண்டினால் 26! பெரிய ஜாதி நாய்க்கு மட்டும் சரியான வயது எது என்று டாக்டரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

ஒரே ஊசி! பரிசு 2.5 கோடி டாலர்!

கத்தியே வேண்டாம், ஒரே ஊசியில் நாய்க்கும் பூனைக்கும் நிரந்தரக் கருத்தடை! அப்படி ஒரு மருந்து கண்டுபிடிப்பவருக்கு 2.5 கோடி டாலர் பரிசு என்று 2008-ல் அறிவித்தார் அமெரிக்க மருத்துவர் கேரி மைக்கேல்சன்! அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2023-ல் வெளிவந்தது. ஆறு பெண் பூனைகளுக்கு ஒரே ஒரு மரபணு ஊசி. இரண்டு வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். ஒன்றுகூடச் சினைப்படவில்லை! ஊசி போடாத மூன்று பூனைகளும் குட்டி போட்டன! இது சந்தைக்கு வந்துவிட்டால் வண்டிக்குள் ஆபரேஷன் மேஜையே தேவைப்படாது!

அதுவரை கத்திதான் கதி. உங்கள் வீட்டு நாய்க்கு, பூனைக்குக் கருத்தடை ஆயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே அரசு கால்நடை மருந்தகத்திலோ, உங்கள் மாநகராட்சி மையத்திலோ, பக்கத்திலுள்ள பிராணி நல அமைப்பிலோ விசாரியுங்கள். முந்தின ராத்திரியிலிருந்து சாப்பாடு போட வேண்டாம் என்பார்கள், குட்டியென்றால் வேறு விதி சொல்வார்கள், கேட்டு நடந்துகொள்ளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியையும் அதே நாளில் போட முடியுமா என்று கேட்க மறக்காதீர்கள். அப்படியே உங்கள் வார்டு கவுன்சிலரிடம் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: 'நம்ம ஏரியாவுக்கு அந்த வண்டி எப்போ சார் வரும்?'